கூரையில்லாத காரும் பக்கத்து சீட்டும்

அன்று விடிய காரைச் சுற்றி நின்ற ஆட்கள்.

முதலாளி. வெள்ளவத்தையில் புடவைக்கடை. நான் அவருடைய வான் டிரைவர்.

முதலாளியின் மனிசி. கையில் தேசிக்காய், சில்லுக்குக் கீழே வைக்க.

முதலாளியின் தம்பி. லண்டனில் இருந்து லீவில் வந்தவர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சூரியன் இன்னும் வரவில்லை.

மேல்மாடி ரீச்சர். கையில் பார்சல்.

ரீச்சரின் தங்கச்சி. அவவின் கையிலும் பார்சல்.

கொட்டாஞ்சேனையில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்த பென்சன்காரர். எல்லாரிலும் பெரிய பார்சல்.

எதிர்த் தேத்தண்ணிக் கடைச் சிங்கள ஐயா. பார்சல் இல்லை. சிரிக்க வந்தவர்.

நான்.

கார். சிவப்பு. இரண்டு கதவு, இரண்டு சீட். கூரை இல்லை.

இதில் தம்பியும் நானும் யாழ்ப்பாணம் போகப் போகிறோம்.

சண்டையை நிற்பாட்டி வைத்திருந்த காலம் அது. முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. நிற்பாட்டி இருக்கிறது என்றார்கள், பஸ்ஸை ஹோல்ட்டில் நிற்பாட்டுகிற மாதிரி. அந்த இடைவெளியில் வடக்கு ரோட்டைத் திறந்துவிட்டார்கள். உடனே வெளிநாட்டில் இருந்து சனம் வந்து இறங்கியது. அவரவர் தாங்கள் விட்டுப்போன வீட்டைப் பார்க்க வந்தார்கள். லண்டன் தம்பி காற்று வாங்க வந்தார்.

"அண்ணை, ஓப்பின் டொப்பில ஏ நைன் ரோட்டில போனால் எப்பிடி இருக்கும் தெரியுமே?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய மனிதரின் கராஜில் கார் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பி போய் எழுப்பிக்கொண்டு வந்தார். அதற்கு மடிக்கிற சீலைக் கூரை ஒன்று இருந்தது. பாதியில் இறுகிவிட்டது, மேலேயும் போகாது, கீழேயும் வராது. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த கராஜ்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அரை நாளில் கழற்றினார். திருப்பிப் பூட்ட ஒரு சாமான் வேணும், அது இங்கிலாந்தில் இருந்து வரவேணும் என்றார்.

"அப்ப ஏன் அண்ணே கழட்டினீங்க?"

"நீங்கதானே இறுகிப்போச்சின்னு சொன்னீங்க. இப்ப இறுக்கம் இருக்கா?"

இல்லை. கூரையும் இல்லை. தம்பிக்கு நல்ல சந்தோஷம். எங்கள் சனம் இவ்வளவு காலமும் தலையை உள்ளே இழுத்துப் பிழைத்த சனம். தலைக்கு மேலே ஒரு தகரமாவது இருந்தால் போதும் என்று இருந்தோம். இவர் காசு கொடுத்து அதைக் கழற்றினார்.

நான் ஏன் ஓம் என்றேன்? என் மனிசி அங்கே இருந்தா. கொடிகாமத்துக்கு உள்ளே ஒரு சின்ன வீடு. நான் கொழும்புக்கு வேலை தேடி வந்தபோது, அறை ஒன்று எடுத்ததும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வந்தேன். அறை எடுத்தேன். ரோட்டைப் பூட்டினார்கள். ஏழு வருஷம். கடிதம் கப்பலில் வரும். எனக்கு முதல் வேறு ஆட்கள் வாசித்துவிடுவார்கள். வாசித்து அவர்கள் என்ன கண்டார்களோ தெரியாது. நான் சுகம், நீ சுகமா, இங்கே மழை. அவ்வளவுதான் எனக்கு எழுத வரும். அவ அதிலும் குறைய எழுதுவா.

முதலாளியிடம் கேட்டேன். "வரேக்குள்ள மனிசியைக் கூட்டிக்கொண்டு வரலாமோ?"

"அதுக்கென்ன, தாராளமாக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

தம்பியும் சொன்னார். "நோ ப்ரொப்ளம் அண்ணை. கார்தானே போகுது."

லண்டனில் அவர் கணக்காளர். இரண்டு சீட், மூன்று பேர். கம்பனிகளின் கணக்கு எல்லாம் பார்க்கிறவருக்கு இது சின்னக் கணக்கு, கண்ணில் படவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்னை விட்டுவிட்டு வேறு டிரைவரைப் பிடிப்பார்கள்.

பார்சலுக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் ஒருவன் யாழ்ப்பாணம் போகிறான் என்றால் ஒழுங்கைக்கே தெரிந்துவிடும். பிறகு பார்சல் வரும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால், பிறகு அவனுக்குப் பொம்பிளை கேட்டுப் போனாலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். சவர்க்காரம், பற்றரி, மூக்குக்கண்ணாடி, சத்துமா. சீட்டுக்குப் பின்னால் நாய்க்குட்டி படுக்கிற அளவு இடம். அதில் ரீச்சருடையதும் தங்கச்சியுடையதும் போயின. பென்சன்காரரின் பார்சல் தம்பியின் மடியில்.

"என்ன ஐயா இதுக்குள்ள?"

"உரலுக்கு உலக்கை தம்பி. பூண் போட்டது. ரெண்டாத் தறிச்சுத்தான் கட்டியிருக்கு, பயப்பிடாதையும்."

தறித்த உலக்கையால் என்ன இடிப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தேத்தண்ணிக்கடை ஐயா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேசிக்காய் நசிந்தது. புறப்பட்டோம்.

புத்தளம் வரை தம்பி பாட்டுப் பாடினார். அதற்குப் பிறகு வெயில் ஏறியது. அநுராதபுரத்தில் ஒரு தொப்பி வாங்கினார். கொஞ்ச நேரத்தில் அது பறந்துபோனது. திரும்பிப் போய் எடுப்போமோ என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பேச்சு அதோடு குறைந்தது. எனக்கு அது வசதி.

தெற்குப் பக்கத்தில் ஆமிக்காரனின் கடைசிச் சோதனை ஓமந்தையில். அந்த இடத்தில் வான் ஒன்றை அரை நாள் வைத்திருப்பார்கள். சீட்டைக் கழற்றுவார்கள், சில்லைத் தட்டுவார்கள். எங்கள் காரைப் பார்த்ததும் எல்லாரும் துவக்கோடு ஓடி வந்தார்கள். தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. ஒருவன் பொனற்றைத் தடவினான்.

"அய்யே, வஹல கோ?" கூரை எங்கே என்று கேட்டான்.

உடைந்துபோச்சு என்றேன் சிங்களத்தில். எல்லாரும் ஒவ்வொருவராக ஏறி இருந்து படம் எடுத்தார்கள். உலக்கையை ஒருவன் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தம்பியின் மடியிலேயே வைத்தான். எங்களைச் சோதிக்க மறந்துவிட்டார்கள்.

அடுத்தது பெடியளின் பக்கம், இயக்கத்தின் சோதனை. அவர்கள் சோதிக்க மறக்கிற ஆட்கள் இல்லை. வாகனத்துக்கு வரி. காருக்கு ஒரு வரி, வானுக்கு ஒரு வரி, லொறிக்கு ஒரு வரி. கூரையில்லாத காருக்கு இன்னும் யோசிக்கவில்லை. அங்கே இருந்த பெடியன் உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டி வந்தான். அவர் காரைச் சுற்றி நடந்தார்.

"கூரை இல்லை. ரெண்டு பேர்தான் இருக்கலாம். சாமான் வைக்க இடமில்லை. இது என்னெண்டு கார் ஆகும்?"

தம்பி சொன்னார். "இது ஸ்போர்ட்ஸ் கார். கிளாசிக்."

"உழவு மெசினுக்கும் கூரை இல்லைத்தானே" என்றார் பெரியவர் பெடியனிடம். "அந்தக் கணக்கில போடும்."

வரி குறைந்தது. தம்பிக்கு அழுகை வரப் பார்த்தது.

அங்கிருந்து ரோட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. குழி இருந்தது, குழிக்கு நடுவில் கொஞ்சம் தார் இருந்தது. முன்னால் போன லொறியின் புழுதி முழுவதும் எங்கள் மேல். இரண்டு பக்கமும் மிதிவெடிப் பலகை, மண்டையோடு கீறி. தம்பிக்கு ஒன்றுக்குப் போக வேணும். எங்கே இறங்குவது? ஆனையிறவு தாண்டும்வரை உலக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். காற்று எப்பிடி என்று கேட்க நினைத்தேன். பாவம், விட்டுவிட்டேன்.

முகமாலையில் திரும்ப ஆமிக்காரன். அது தாண்டிக் கொடிகாமத்தில் தம்பி என்னை இறக்கிவிட்டார். மிச்சத் தூரம் தானே ஓட்டுவாராம். நான் இறங்கும்போது அவருடைய மூக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது.

மனிசி தையல் மெசினில் இருந்தா. தலை நிமிர்த்திப் பார்த்தா. முகம் முழுக்கச் சிவப்புப் புழுதியோடு ஒருவன். ஆளை அறிய இரண்டு மூச்சு எடுத்தது.

"வந்திட்டீங்களோ."

"ஓம்."

"சாப்பிட்டீங்களோ."

"இல்லை."

சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு சொன்னேன். "கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"அங்க வந்து என்ன செய்யிறது?"

"இருக்கிறதுதான்."

"இஞ்சையும் இருக்கிறன்தானே."

பதில் சரியாகத்தான் இருந்தது. அவவே சொன்னா, நூலைக் கடித்துக்கொண்டு. "ஏழு வருஷம் தனிய இருந்து பழகீட்டன். வீட்டுக்குள்ள ஆளொண்டு நடமாடினால் இப்ப எனக்குத் தலையிடிக்குது."

பிறகு நான் முற்றத்தில் நடமாடினேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி கார் ஓட்டி வந்தார். முகம் வெந்து, உதடு வெடித்து, காதுக்குக் களிம்பு பூசி. பலாலியில் பிளேன் எடுத்துத் திரும்பப் போகிறாராம்.

"அண்ணை, நீங்கள் காரைக் கொண்டுபோங்கோ. எனக்கு அவசர வேலை ஒண்டு வந்திட்டுது."

பிளேனுக்குக் கூரை இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. கணக்கு தானாகச் சரிவந்தது. இரண்டு சீட், இரண்டு பேர்.

மனிசி காரைச் சுற்றிப் பார்த்தா. "இதுக்குக் கூரை எங்க?"

"கொட்டாஞ்சேனையில."

அன்று முதல்தடவையாகச் சிரிக்கப் பார்த்தா. சிரிக்கவில்லை. "விடிய யோசிச்சுச் சொல்லுறன்" என்றா.

விடிந்தது. அங்கேதான் நான் பிழை விட்டேன். கொழும்புக்குக் கார் போகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பார்சல் வரத் தொடங்கியது. ஒடியல், புழுக்கொடியல், மாம்பழம், நல்லெண்ணெய்ப் போத்தல், மாவடு. "கொழும்பில என்ர மகளிட்டக் குடுத்திடுங்கோ." "பேரப்பிள்ளைக்கு, கவனம், சரிச்சுப்போடாதையுங்கோ." மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. யாருக்கு வரும்? பின்னால் நிரம்பியது. கால்மாட்டில் நிரம்பியது. கடைசியில் ஒரு பலாப்பழம் வந்தது. வெறும் இடமாக இருந்தது பக்கத்து சீட். அதில் வைத்தேன். பெல்ற்றும் போட்டேன், உருளாமல்.

மனிசி வெளியே வந்தா. தலை வாரி இழுத்து, நல்ல சீலை உடுத்து, கையில் ஒரு பையோடு. அதாவது வருவதற்கு வெளிக்கிட்டு வந்தா.

பலாப்பழத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"ஆளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களோ, பழம் ஏத்த வந்தனீங்களோ?"

திரும்பி உள்ளே போய்விட்டா. மெசின் ஓடும் சத்தம் கேட்டது. தைக்க ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். முதல்நாளே எல்லாம் தைத்து முடித்துவிட்டா.

முற்றத்தில் நான், கார், பலாப்பழம். பழம்தான் எங்கள் மூன்று பேரிலும் வசதியாக இருந்தது.

பெல்ற்றைக் கழற்றினேன். பலாப்பழத்தைத் தோளில் வைத்துத் தந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். "கொண்டுபோக ஏலாது அக்கா. மனிசிக்கு இடமில்லை."

அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. கொண்டுபோகச் சொல்லித் தந்த பார்சலைத் திருப்பிக் கொடுத்தவன் எங்கள் ஊரில் அதற்கு முதல் இல்லை. ஷெல் விழுந்து பார்சல் எரிந்தது உண்டு. ஆமி பறித்தது உண்டு. திருப்பிக் கொடுத்தது இல்லை. பிறகு மாவடு. பிறகு எண்ணெய். "கொழும்புப் பழக்கம்" என்றார் ஒருவர், எனக்குக் கேட்கத்தக்கதாக. "வேணுமெண்டே செய்யிறான்" என்றார் இன்னொருவர். வீடு வீடாகப் போய், கார் வெறுமையாகும்வரை கொடுத்தேன்.

மெசின் சத்தம் எப்போது நின்றதோ தெரியாது. நான் கடைசி ஓலைப்பையைக் கொடுத்துவிட்டு வர, வாசல் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டு நின்றா.

"வவுனியா மட்டும் வாறன்" என்றா. "பிடிக்காட்டில் பஸ் ஏறித் திரும்பீடுவன்."

"ஓம்."

முறிகண்டிக் கோயிலடியில் எல்லா வாகனமும் நிற்கும், தேங்காய் உடைக்க. நானும் உடைத்தேன். அவ கச்சான் கடலை வாங்கினா. கொஞ்ச நேரம் தனிய உரித்துச் சாப்பிட்டா. பிறகு என் பக்கம் கடதாசிச் சரையை நீட்டினா. அது நல்ல சகுனமோ, போகமுதல் தருகிற மிச்சமோ என்று விளங்கவில்லை.

ஓமந்தையில் அதே ஆமிக்காரன். காரை அடையாளம் கண்டு கை காட்டினான். லண்டன் ஆளைத் தேடினான். பிறகு அவவைப் பார்த்தான்.

"நோனாவும் கொழும்புக்கோ?" என்று சிங்களத்தில் கேட்டான்.

அவவுக்குச் சிங்களம் தெரியாது. நேரே பார்த்துக்கொண்டு இருந்தா.

"இன்னும் தெரியாது" என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பகிடி என்று நினைத்தான்.

வவுனியா பஸ் ஸ்ராண்டில் நிற்பாட்டினேன். யாழ்ப்பாணப் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. கொண்டக்டர் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்று கத்திக்கொண்டு நின்றான். அவ பையை எடுத்தா. இறங்கினா. பஸ் பக்கமாக நடந்தா.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். முதலாளியாக இருந்தால் ஒரு பேச்சுப் பேசியிருப்பார். எனக்குக் கை ஸ்டியரிங்கில் இருந்தது. கொண்டக்டர் காரைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தான்.

"அண்ணை, கலியாண ஹயருக்கு ஓடுறீங்களோ?"

"தெரியாது" என்றேன்.

அவன் போய்ப் பஸ்ஸில் தொங்கினான். பஸ் போனது. அவ நின்ற இடத்தில் ஆள் இல்லை. எஞ்சினைப் போடவில்லை. வெயில் நேரே தலையில் இறங்கியது. கூரை இல்லாத கார்.

பஸ் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் துணிக்கடை. அதில் இருந்து வந்தா. தலையில் மஞ்சள் துணி ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தா, நாடிக்குக் கீழே முடிச்சு. பையைக் கால்மாட்டில் வைத்தா. ஏறினா. கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தினா.

"முகமாலையில இருந்து தலைமயிர் முழுக்க வாய்க்குள்ள" என்றா. "வாங்கித் தர ஒருத்தருக்கும் தெரியாது."

நான் எஞ்சினைப் போட்டேன்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"எங்கைக்கு?"

"வேற எங்கைக்கு? கொழும்புக்கு."

"நூற்றைம்பத்தைந்து மைல்."