அம்புறோஸ் அண்ணை மாற்றிய திகதி

எந்தத் திகதியைச் சொன்னாலும், அன்று பேஸ்பாலில் என்ன நடந்தது என்று அம்புறோஸ் அண்ணை சொல்லிவிடுவார். முப்பது வயதில் மன்னாரிலிருந்து மொன்றியலில் வந்திறங்கிய மனிதருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் நாங்கள் இருவரும் பெட்டி ஏற்றினோம். அவர் பக்கத்தில் ஒரு ரேடியோ பிரெஞ்சில் ஆட்டம் சொல்லிக்கொண்டே இருக்கும். அவர் பிரெஞ்சு படித்ததே அதில்தான். எங்கள் தேவாலயப் பங்கிலும் எந்தத் திருநாள் எந்தக் கிழமையில் வரும் என்று அவரைத்தான் கேட்பார்கள். திகதி விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. அந்த நம்பிக்கையைத்தான் அவர் கெடுத்தார். வழி காட்டிக்கொடுத்தவன் நான்.

செப்டெம்பர் இருபத்தொன்பதை அவர் தலையில் தூக்கி வைத்திருந்தார். 1954இல் அன்றுதான் நியூயோர்க்கில் ஒருவர் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, தோளுக்கு மேலாக அதைப் பிடித்தாராம். "முதுகிலை கண் இருந்திருக்கோணும், வசி" என்பார். அவர் இங்கே வந்த 1986இலும் அதே நாளில் ஒரு அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நின்று பந்தெறிந்து, தம்பி வென்றானாம். 2004இல் அந்த நாளுக்கு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. மொன்றியல் அணி சொந்த மைதானத்தில் விளையாடும் கடைசி ஆட்டம். அணி வோஷிங்டனுக்குப் போகப்போகிறது என்று ஊரெல்லாம் கதை. எனக்கு அந்த விளையாட்டின் அரிச்சுவடியும் தெரியாது. ஆனாலும் அண்ணைக்காக இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

டிக்கெட்டைக் கொடுத்தபோது அவர் முகம் கறுத்துவிட்டது.

"அண்டைக்குத்தானே யோசெப்பின்ரை அண்ணைக்கு முப்பத்தொண்டுப் பூசை" என்றார்.

அவர் மனைவி யோசெப்பின் அக்காவின் ஒரே அண்ணன் அருமைநாதன், மன்னாரில் ஓகஸ்ட் முப்பதாம் திகதி விடியற்காலை ஐந்து மணிக்குக் காலமானார். அக்கா விமானம் பிடித்துப் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்திருக்கும் என்பதால் போகவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையும், அதன்பின் வீட்டில் நாலு பேருக்குச் சாப்பாடும்தான் அண்ணனுக்காக அவர் செய்யக்கூடியதாக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "அவர் செத்த நேரம் இஞ்ச இன்னும் இருபத்தொன்பதாந்திகதி பின்னேரம்தானே, அண்ணை? இஞ்சத்தைக் கணக்குக்கு முப்பத்தொண்டு ஒரு நாள் முந்தியெல்லே வரும்?" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்.

அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டார். நாங்கள் இருக்கிற இடத்துக் கணக்குத்தான் எங்களுக்கு, பூசை இருபத்தெட்டில் என்று. "அப்ப அங்கை ஒரு நாள், இஞ்ச ஒரு நாளோ?" என்று அக்கா கேட்டிருக்கிறார். பிறகு, "திகதியெண்டா உங்களுக்குத்தானே தெரியும்" என்று விட்டுவிட்டார். பங்குச்சுவாமியும் ஆண்டவருக்கு எந்த நாளும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்.

இருபத்தெட்டில் பூசை நடந்தது. அக்கா முழங்காலில் இருந்து எழும்பவே இல்லை. அண்ணை கண் கலங்காமல் நின்று, வந்தவர்களுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார். மறுநாள் ஓவர்டைம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு என்னோடு மைதானத்துக்கு வந்தார்.

அன்று பகலே அணி போவது உறுதி என்று அறிவித்திருந்தார்கள். முப்பதினாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றோம். முடிந்ததும் அண்ணை தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். ஒரு பந்து விளையாட்டுக்கு இப்படியா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு வருடமும் அண்ணனின் நினைவுப் பூசையை ஓகஸ்ட் இருபத்தொன்பதில்தான் கொடுத்தார். அண்ணை சொன்ன கணக்கை அவர் நம்பிவிட்டார் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். முப்பதுக்கு மாற்றச் சொல்ல அண்ணைக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேள்வி வரும். செப்டெம்பர் இருபத்தொன்பது பற்றிக் கதைப்பதையும் விட்டுவிட்டார்.

சென்ற ஓகஸ்டில் அருமைநாதனின் மகள் ஜெயனி மன்னாரிலிருந்து வந்திருந்தாள். பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏன் மாமி இண்டைக்குக் குடுத்தனீங்கள்? அப்பா செத்தது முப்பதாந்திகதியெல்லோ?" என்று கேட்டாள்.

"மாமாவைக் கேள். அவர்தான் சொன்னவர்" என்றார் அக்கா.

அண்ணை கையிலிருந்த சோற்றைக் கோப்பையில் வைத்தார். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், டிக்கெட், கணக்கு, ஓவர்டைம், எல்லாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது என் பகிடி என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

"தெரியும்" என்றார் அக்கா. "நீங்கள் ஓவர்டைம் எண்டு போன அண்டைக்கு அண்ணி மன்னாரிலையிருந்து போன் எடுத்தவ. அங்கை முப்பத்தொண்டு நல்லா முடிஞ்சுதாம் எண்டு சொன்னவ. போனை வைச்சிட்டு டிவியைப் போட்டன். அதிலை நீங்கள் அழுதுகொண்டு நிண்டீங்கள். என்ரை அண்ணைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன்."



"என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்று அக்கா தொடர்ந்தார். "போங்கோ, பூசையை நான் தனியப் பாக்கிறன் எண்டு விட்டிருப்பன். உங்களுக்கு அது எவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியாதோ?"

அண்ணை, "வாற வருசம் முப்பதில குடுப்பம், யோசெப்பின். நானே சுவாமியிட்டைப் போய்ச் சொல்லுறன்" என்றார்.

அக்கா அவருடைய கோப்பையில் குழம்பை ஊற்றினார்.

"வேண்டாம். இருவது வருசமா இருபத்தொன்பதில அழுது பழகிட்டன். இனி முப்பதில குடுத்தா எனக்கு அழுகை வராது."