முன்பு வளர்த்த பூனை இப்போது எங்கே?

மனிதன் பூனையைத் தேர்ந்தெடுப்பதில்லை, பூனைதான் மனிதனைத் தேர்ந்தெடுக்கும் என்று என் மகள் சொன்னாள். நான் அதை அப்படியே நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதற்குள் பூனை வளர்ப்பதிலிருந்து தப்பிக்க ஒரு சந்தும் கண்டுபிடித்தேன். இந்த ஐம்பத்தோரு வருஷத்தில் எந்தப் பூனையும் என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை. நான் தும்மினால் தெருவில் நாலு பூனை இடம் மாறும். ஆகவே போவோம், ஒரு மணி நேரம் உட்காருவோம், ஒன்றும் கிட்டே வராது. "என்ன செய்ய, நம்ம குடும்பத்தை அதுகளுக்குப் பிடிக்கலை" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம். பழி பூனைகள் மேல்.

போன இடம் கல்கத்தாவில், காளிகாட் கோயில் பக்கம் ஒரு சந்துக்குள், பழைய வீட்டின் மாடியில் இருந்த பூனை கஃபே. தெருவில் அடிபட்டும் அநாதையாகவும் கிடந்த பூனைகளை எடுத்து வந்து தேற்றி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துக்கொண்டே அவற்றோடு உட்காரலாம். மனது ஒத்துப்போனால் எழுதிக் கொடுத்து ஒன்றை வீட்டுக்கும் கூட்டிப் போகலாம். பதின்மூன்று வயது மகள் ஆறு மாதமாக அந்த இடத்தின் படங்களை போனில் காட்டிக் காட்டி என் உயிரை வாங்கியிருந்தாள்.

எனக்குப் பூனை வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. ஊருக்குச் சொன்ன காரணம், டிரான்ஸ்ஃபர். கிடர்பூர் துறைமுகத்தில் எனக்குச் சுங்கத்துறை வேலை. பெட்டிக்குள் இருப்பதாகக் காகிதத்தில் எழுதியிருப்பதும் நிஜமாகவே உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கிற உத்தியோகம். கல்கத்தா வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அடுத்த உத்தரவு எந்த நிமிஷமும் வரலாம்.

யாருக்கும் சொல்லாத காரணம், ஒரு கறுப்புப் பூனை. விசாகப்பட்டினத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது. அங்கிருந்து கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள்.

"போன் பண்ணீங்களாப்பா?"

"பண்ணினேன்ட்டி. மீன் தின்னு தின்னு குண்டாயிட்டாளாம்."

நான் போனே பண்ணவில்லை. முதல் வாரம் சாமான் பிரிக்கிற வேலை. இரண்டாம் வாரம் சோம்பேறித்தனம். அதற்கப்புறம், அந்த அக்கா என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஆனால் சேதி மட்டும் வாராவாரம் தவறாமல் கொடுத்தேன். ஒரு வாரம் சேதிக்குப் பஞ்சம் வந்து, அதை இரண்டு குட்டி போட வைத்தேன். ஆபீஸில் அடுத்தவன் பொய்க்கு அபராதம் போடுகிறவன், வீட்டில் என் பொய்க்குப் பிரசவம் பார்த்தேன்.

கிளம்பும்போது கையில் ஃபைல் எடுத்துக்கொண்டேன். ஆதார் நகல், குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய உத்தரவு, பணிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆறு. எல்லா நகலிலும் நானே சான்றொப்பம் போட்டிருந்தேன். பூனை வேண்டாம் என்கிறவனுக்கு எதற்கு இத்தனை என்று கேட்கலாம். பழக்கம். இருபத்தாறு வருஷமாக ஃபைல் இல்லாமல் நான் எந்தப் படியும் ஏறியதில்லை.

"பொண்ணு பார்க்கப் போறீங்களா, பூனை பார்க்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

மாடியில் செருப்பைக் கழற்றி, கை கழுவி, உள்ளே போனோம். பதினைந்து பூனையாவது இருக்கும். மகள் தரையில் உட்கார்ந்ததுமே இரண்டு வந்து அவள் மடியில் ஏறின. எனக்கு முதுகில் வியர்த்தது. கவலைப்படாதே, அவளைத்தான் தேர்ந்தெடுக்கின்றன, கையெழுத்துப் போடப் போகிறவனை இல்லை என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு ஒரு மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம் ஆகியிருந்தது. கால் மரத்தது. மறுபடி பார்த்தேன். ஆறு நிமிஷம்.

அலமாரி மேலிருந்து ஒரு மஞ்சள் கடுவன் இறங்கியது. ஒரு காதின் நுனி இல்லை. நேராக என்னை நோக்கி நடந்து வந்தது. நான் தும்ம முயன்றேன். வேண்டும்போது தும்மல் வருமா? அது என் முன்னால் கிடந்த ஃபைல்மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, படுத்துவிட்டது.

"அப்பா!" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லில் என் சந்து அடைபட்டது.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் படிவத்தோடு வந்தார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என்னைக் காக்கு என்று கூப்பிட்டார். இங்கே சித்தப்பாவை அப்படித்தான் சொல்வார்கள். மகளோடு வங்காளியிலும் என்னோடு இந்தியிலும் பேசினார்.

"சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் கிடைத்தவன், காக்கு. யாரிடமும் போகமாட்டான்."

கையில் கடைசியாக இருந்த சீட்டை இறக்கினேன். "எனக்கு டிரான்ஸ்ஃபர் வேலைம்மா. இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ. எங்களை மாதிரி ஆட்களுக்குத் தரமாட்டீர்கள்தானே?"

"தருவோமே. ஊர் மாறினால் கூடவே கூட்டிப் போவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழாவது கேள்விதான் முக்கியம்."

ஏழாவது கேள்வியைப் படித்தேன். முன்பு பிராணி வளர்த்ததுண்டா, அது இப்போது எங்கே இருக்கிறது? அதற்குக் கீழே ஒரு வரி: மேலே எழுதியவை அனைத்தும் உண்மை. கையெழுத்து.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் வங்காளியில் பொரிந்து தள்ளினாள். எனக்கு அரைகுறையாகத்தான் புரியும், ஆனால் இது முழுசாகப் புரிந்தது. விசாகப்பட்டினத்தில் ஒன்று இருக்கிறது, அப்பா போன் பண்ணி விசாரித்துக்கொண்டே இருப்பார், அதற்கு இரண்டு குட்டிகூட இருக்கிறது.

பேனாவைத் திறந்தேன். மூடினேன். இதே மாதிரி வரிக்குக் கீழே பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்ட எத்தனை பேரை மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து, "படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டிருப்பேன். அதே கேள்வி, அதே குரலில், இப்போது என் காதில் கேட்டது.

"ஒரு போன் பேசிட்டு வந்துடுறேன்" என்றேன்.

"இப்பவா? யாருக்குங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்."

பாருங்கள், அப்போதும் ஒரு பொய்.

படியிறங்கிச் சந்தில் நின்றேன். பூஜைத் தட்டோடு போன ஒரு அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு விலகிப் போனார். செருப்பு மாடியிலேயே இருந்தது. நாலு வருஷமாகத் தொடாத எண்ணைத் தேடி அழுத்தினேன். எடுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஐயோ தம்பி! என்ன திடீர்னு? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. அந்தப் பூனை..."

"எந்தப் பூனை?"

"நாங்க விட்டுட்டு வந்தோமே, கறுப்பு."

"அடப் பாவி மனுஷா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? எங்க வீட்டுல அது ஒருவேளைகூடச் சாப்பிடலை. உங்க வாசல்லயே எட்டு, பத்து நாள் உட்கார்ந்திருந்துச்சு. புதுசா வந்தவங்க விரட்டி விட்டாங்க. அப்புறம் நான் பார்க்கலை. நான்தான் உங்களுக்குப் போன் போட்டேனே, நீங்க எடுக்கலையே."

போட்டிருந்தார். உண்மைதான். மூன்று தடவை. அவர் பெயர் திரையில் துடித்து அடங்கும்வரை போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

மேலே போனேன். மஞ்சள் கடுவன் ஃபைல்மேலேயே தூங்கிக்கொண்டிருந்தது. தரையில் வைத்தே படிவத்தை நிரப்பினேன். ஏழாவது கேள்விக்கு, "விட்டுவிட்டு வந்தோம். பத்து நாள் வாசலில் காத்திருந்தது. இப்போது எங்கே என்று தெரியாது. நான் விசாரிக்கவில்லை" என்று எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மகளிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"அப்ப குட்டி?"

"குட்டியும் இல்லைம்மா."

"நான் அதுங்களுக்குப் பேர்லாம் வச்சேன்ப்பா."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிறவன் என்று ஆபீஸில் எனக்குப் பெயர். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

கஃபே பெண் படிவத்தை வாங்கிப் படித்தார். "வீட்டைப் பார்க்க வருவோம், காக்கு. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்து வையுங்கள்."

"இதைப் படித்த பிறகுமா?"

"எல்லாரும் 'நல்ல இடத்தில் இருக்கிறது' என்றுதான் எழுதுகிறார்கள். அத்தனை நல்ல இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நானே இவர்களையெல்லாம் அங்கே அனுப்பிவிடுவேனே." பிறகு கடுவனைத் தூக்கி என் ஃபைலை உருவிக் கொடுத்தார். "அப்புறம், இவன் உங்களைத் தேர்ந்தெடுத்தான் என்று நினைக்காதீர்கள். காகிதம் எங்கே கிடந்தாலும் படுத்துவிடுவான். நேற்று கரண்ட் பில்மேல் தூங்கினான்."

ஆறு போட்டோவும் ஃபைலில் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

மகள் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் நான் ஜன்னலுக்கு வலை அடித்தபோது வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் கஃபேயிலிருந்து வந்து வீட்டைப் பார்த்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை பூனை வந்தது. போன மாதம் தூத்துக்குடிக்கு உத்தரவும் வந்துவிட்டது. கூடை வாங்கிவிட்டோம். பூனையும் எங்களோடு வருகிறது.