சலித்த மணல்

எண்பதுகளில், ஏற்காட்டில் வசதியான பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியொன்றில் நான் ஆயா. எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்கென்று அங்கே தனியாக ஒரு டீச்சர் இருந்தார். தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுத வைப்பார். மணல் சலிப்பது என் வேலை.

என் மகளுக்கும் அதே சிரமம்தான். வீட்டில் முறத்தில் ராகியைப் பரப்பி அவள் விரலைப் பிடித்தேன். சில மாதங்களில் பஸ் போர்டைப் படித்தாள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில், சிலேட்டில் எழுதுமுன் தரைப்புழுதியில் எழுதிப் பார்த்திருக்கிறாள். வாத்தியார் அந்த விரலிலேயே அடித்துவிட்டார். போய்க் கேட்டேன்.

“ஏனுங்க, நான் வேலை பாக்குற பள்ளிக்கூடத்துல இப்படித்தானுங்க சொல்லித் தர்றாங்க.”

“அது அவங்க புள்ளைங்களுக்குப் பாடம். உம் புள்ளைக்கு மண்ணுல வெளையாட்டு.”

மகள் அதோடு பள்ளியை விட்டு, காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள். மறுநாளும் நான் மணல் சலித்தேன், அந்தப் பிள்ளைகளின் விரலில் கல் குத்திவிடக் கூடாதே என்று.