ஒன்றாம் பெட் அட்டெண்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் என்றால் நோயாளியோடு கூட இருப்பவர். சொந்தமா பந்தமா என்று யாரும் கேட்பதில்லை. மருந்துச் சீட்டைக் கொடுத்தால் ஓடவும், கூப்பிட்டால் வந்து நிற்கவும் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கூப்பிடுகிற நேரம் பார்த்துத்தான் மகராசர்கள் டீக்கடைக்குப் போவார்கள். நர்ஸான நான் மைக்கில் தொண்டை கிழியக் கத்துவேன். ஒருத்தரும் அசைய மாட்டார்கள்.

அவர்களைத் தேடிப் பிடிப்பது எங்கள் ஆஸ்பத்திரி ஆயாவின் வேலையே இல்லை. கூட்டித் துடைப்பதுதான் வேலை. ஆனாலும் இருபது வருடமாக மைக் சத்தம் கேட்டால் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். "உள்ள ஒரு உசுரு ஊசலாடுது, இங்க என்ன வெட்டிப் பேச்சு?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வருவாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரெண்டாவது மைக்'.

போன மாதம் அவள் புருஷனையே எங்கள் வார்டில் சேர்த்தார்கள். நாலாம் பெட். ஈரல் போய்விட்டது, வாய்க்கொழுப்பு மட்டும் போகவில்லை. "ஊருக்கெல்லாம் ஆள் புடிச்சுக் குடுக்கற. நான் போறப்போ நீ பக்கத்துல இருப்பியாடி?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்க போயிடப் போறேன்? கூப்பிட்டா வந்து நிக்க மாட்டேனா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவருக்கு மூச்சு வாங்கியது. என் மேசையை ஒட்டிய ஒன்றாம் பெட்டுக்கு மாற்றினேன். எதிர்க் கட்டடத்தில் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியாது. நான் ஒரு மடச்சி, பழக்க தோஷத்தில் மைக்கில், "ஆண்கள் வார்டு ஒன்றாம் பெட் அட்டெண்டர் உடனே வரவும்" என்று மூன்று முறை சொன்னேன். பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவள் ஓடினாள். டீக்கடை, மருந்துக்கடை, படிக்கட்டு என்று ஓர் இடம் விடவில்லை. "ஒண்ணாம் பெட் ஆளு யாருங்க? சீக்கிரம் வாங்க!" ஜன்னல் வழியே அந்தக் குரல் எங்கள் இருவருக்கும் கேட்டது. அவர் கண் ஜன்னலுக்குப் போனது. அவர் முகத்தில் அழுத்திப் பிடித்திருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விட்டுவிட்டு என்னால் மைக்குக்கோ ஜன்னலுக்கோ எழுந்து போக முடியவில்லை. ஐயோ, வந்து தொலையேன் என்று மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர் மூச்சு நின்றது.

கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "யாரையும் காணோம் சிஸ்டர்," என்றாள். பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள்.

இறப்புப் படிவத்தில், அட்டெண்டர் உடனிருந்தாரா என்று ஒரு கட்டம் உண்டு. "ஆமான்னு போட்டுடறேன்க்கா," என்றேன். "யாரு வந்து பார்க்கப் போறா?"

அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "வேணாம் சிஸ்டர். இல்லன்னே போடுங்க," என்றாள். "அவருக்குத் தெரியுமில்ல."