எட்டாவது கல்லுக்கு முன்னால்

எனக்கு நாற்பது நெருங்குகிறது. ஆனால் ஓர் இணையக் குழுவில் என் பெயர் தாத்தா. இருபது வருடங்களுக்கும் மேலான ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டை இப்போது புதிதாக ஆட வருகிறவர்களுக்கு வழி சொல்கிற குழு அது. வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். முதல் நாளே கோபத்தோடு வருவார்கள். வரைபடத்தில் அம்புக்குறி இல்லை, எங்கே போவதென்று யாரும் காட்டுவதில்லை, பத்தடி நடந்தால் ஏதாவது ஒன்று கடித்துக் கொன்றுவிடுகிறது என்பார்கள். அவசரப்படாதீர்கள், செத்தால் திரும்ப வாருங்கள், சும்மா ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்று நானும் பொறுமையாகச் சொல்வேன்.

போன வாரம் ஒரு பையன் கேட்டான்: "தாத்தா, என் தங்கச்சி ஒரே எடத்துல செத்துக்கினே இருக்கா. அவளுக்குத் தெரியாம அந்த எடத்த மட்டும் நான் முடிச்சுக் குடுத்துடட்டுமா?"

வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டான். அவனுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டி, ஆசிரமங்கள் இருக்கும் பக்கம். மாடி அறையை அப்பா வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். அப்படி ஆறு மாதம் தங்கியிருந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகச் சலித்து எனக்குக் கொடுத்துவிட்டார். அதற்குள் அந்த விளையாட்டு இருந்தது. ஒரு தீவு, நடுவில் ஒரு மலை. கிழிந்த சட்டையும் ஒரு கத்தியுமாகக் கரையில் இறக்கிவிடுவார்கள். பிறகு உன் பாடு. எனக்கு அப்போது பதிமூன்று வயது. வாளும் கவசமும் சேர்த்து அந்தத் தீவில் நான் ஒரு ராஜா மாதிரி இருந்தேன். பள்ளியில்தான் கணக்குப் பாடம் என்னை அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் அத்தை கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை. கல்யாணமாகி நாலு வருடம். சும்மா வந்திருக்கிறாள் என்றார்கள். இரண்டு மாதமாகியும் சும்மாவே இருந்தாள். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. கதவில் நசுங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். அத்தை வெளியே போவதே இல்லை. தெருவில் இறங்கினால், வீட்டுக்காரர் எப்போது வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று நாலு பேர் கேட்பார்களாம்.

ஒருநாள் என் பின்னால் வந்து நின்றாள். "இன்னாடா இது, இவ்ளோ பெரிய மலை? இத சுத்தி வர முடியுமா?"

"முடியும். ஆனா சுத்துனா ஒன்னும் கெடைக்காது அத்த."

"நம்ம மலைய சுத்துனா மட்டும் கையில இன்னாத்த குடுக்கறாங்க? தள்ளு."

அப்படித்தான் அத்தை ஆட ஆரம்பித்தாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நடக்கிற பொத்தான்கள் இடது கைக்கு. அந்த இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு அவள் தடுமாறுவாள். நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். ஆனால் விளையாட்டில் வருகிற ஆட்கள் ஆங்கிலத்தில் சொல்லும் வழிகளை என்னைவிட நன்றாகப் படித்தாள். பி.ஏ. முடித்தவள். உடைந்த தூணுக்கு இடப்பக்கம், வறண்ட ஓடையைத் தாண்டி என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வாள்.

அவளுக்கு வாள் வேண்டாம், புதையல் வேண்டாம். மலையை வலது பக்கம் வைத்துச் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். வழியில் எட்டுப் பெரிய கற்களைத் தானே தேர்ந்தெடுத்து, இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று பேர் வைத்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நிமிடம் நிற்பாள். எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் மூட்டியது, விளையாட்டில் தான் நடத்தும் ஆளின் காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டதுதான்.

"அத்த, செருப்பு இல்லன்னா சீக்கிரம் செத்துடுவ. அதுல பாதுகாப்பு இருக்குது."

"செருப்பு போட்டுக்கினு எவனாச்சும் மலை சுத்துவானாடா? கோயில் ஊர்ல பொறந்துட்டு பேசுறான் பாரு."

செத்தாள். ஆறாவது கல்லுக்கு அருகே ஓநாய்கள் இருந்தன. பத்து முறை, பதினைந்து முறை. அவை எப்போது தூங்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் நின்றால் மோப்பம் பிடிக்காது என்று காலண்டர் தாளில் குறித்துக்கொண்டே போனாள். ஒருநாள் சாயங்காலம் ஏழாவது கல்லைத் தொட்டுவிட்டாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அம்மா கூப்பிட்டதால் ஆட்டத்தை அங்கேயே சேமித்துவிட்டு எழுந்தாள். சேமித்த பதிவென்று அவளிடம் அந்த ஒன்றுதான் இருந்தது. புதுப் பதிவு போடத் தெரியாது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்கு கீழ்பென்னாத்தூர்ல பெரியவங்க பேச்சு இருக்குது. போய்ட்டு வந்து மீதிய நடக்கறேன். சுத்தி முடிச்சதும் உங்கப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டா."

அது என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

காரணம், அரையாண்டுத் தேர்வில் நான் கணக்கில் ஃபெயில். ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுத் தந்தது அத்தைதான். இரண்டு நாள் கெஞ்சிய பிறகு, "என்னிக்காச்சும் ஒருநாள் சொல்லித்தான் ஆகணும், தெரிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போட்டாள். அந்த ஒருநாள் வந்துவிட்டது. அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பௌர்ணமி. அப்பாவும் அத்தையும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நான் தலைவலி என்று பள்ளிக்குப் போகவில்லை. பதினோரு மணி வரை படுத்திருந்தேன். பிறகு எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அத்தையின் ஆள் ஏழாவது கல்லின் முன்னால் வெறுங்காலோடு நின்றிருந்தாள். நான் அவளைத் திருப்பிக் கொண்டுபோய் ஊருக்குள் விட்டேன். எனக்குத் தெரிந்த குகையில் கவசம் எடுத்து மாட்டினேன். காலில் இரும்புப் பூட்ஸ் போட்டேன். மலைக்குப் பின்னால் போய் ஓநாய்களை ஒன்றுவிடாமல் வெட்டினேன். கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. வெளியே தெருவில் யார் பேசினாலும் அப்பா குரல் போலவே கேட்டது. வழக்கம்போல நாலு மணிக்குக் கரண்ட் போய்விடுமோ என்று வேறு பயம். எட்டாவது கல்லைத் தாண்டி, அவள் கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினேன்.

வேறொரு பதிவாகச் சேமித்திருக்கலாம். எனக்குத் தெரியும். பழையதை அழிக்கலாமா என்று அது ஒருமுறை கேட்கவும் செய்தது. ஆம் என்பதைத்தான் அழுத்தினேன். கணக்கில் ஃபெயிலானவன் போட்ட கணக்கு இது: பூட்ஸ் போட்டுச் சுற்றியதை அத்தை ஒத்துக்கொள்ள மாட்டாள், முதலிலிருந்து ஆரம்பிப்பாள், அதற்கு இன்னொரு மாதம் ஆகும், அதுவரை அப்பாவிடம் சொல்ல மாட்டாள். ஒருவேளை திட்டினால், உதவிதானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பௌர்ணமி என்பதால் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இருவரும் கிரிவலக் கூட்டத்தோடு நடந்தே வீடு வந்தபோது ஆறு மணி. அப்பா குளிக்கப் போனார். அத்தை கையில் செருப்போடு உள்ளே வந்தாள். கிரிவலப் பாதையாயிற்றே என்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பாதமெல்லாம் புழுதி. முகம் கழுவக்கூட இல்லை, நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

திரையைப் பார்த்தாள். ஆளின் காலைப் பார்த்தாள்.

"நானே முடிச்சுட்டேன் அத்த" என்றேன். முன்பே சொல்லிப் பார்த்து வைத்திருந்த வரி. "நீ கஷ்டப்படறியேன்னு."

"பழசு இல்லியா?"

"இல்ல. அழிஞ்சிடுச்சு."

கொஞ்ச நேரம் பொத்தானை அழுத்தி ஆளை நடக்கவிட்டாள். இரும்புக் கால் டங் டங் என்று சத்தம் போட்டது. ஓநாய்கள் இருந்த இடம் வரை போனாள். அங்கே ஒன்றும் இல்லை. நான் அடிக்காகக் காத்திருந்தேன். அவள் சிரித்துவிட்டு, "சரி உடு. சாமியே வேணாங்குது போல" என்றாள். எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வேறெதுவும் சொல்லவில்லை. நான் நாலு தோசை சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, அவளைக் கூட்டிப்போக வேன் எடுத்துக்கொண்டு வந்தார்.

பல வருடங்கள் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகு, அம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பிய அன்று காலையில் அத்தை அம்மாவிடம் கேட்டாளாம்: "அண்ணி, நான் போவல, இங்கியே இருந்துடறேன்னு சொன்னா, அண்ணன் இன்னா சொல்வாரு?" சொல்லிப் பார் என்று அம்மா சொன்னாளாம். "தைரியம் வரல அண்ணி. ராத்திரிக்கு சொல்லிடறேன்" என்றாளாம். அந்த விரல்களைப் பற்றியும் அன்றுதான் கேட்டேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "கதவு இன்னாடா பண்ணும்?" என்றாள்.

அத்தை இருக்கிறாள். கல்யாணம் காதுகுத்து என்றால் வருவாள், ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். அன்று அப்பாவிடம் என்ன சொல்ல இருந்தாள் என்று அவளிடம் நான் கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்தால் ரேங்க் கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

அன்று வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். இடது கை. மடங்காத இரண்டு விரல்களும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன. ரேங்க் கார்டு விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஊரைவிட்டுப் போகிறாள் என்ற சந்தோஷத்தில், வேன் திரும்பும்வரை நானும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றேன்.