ஒரு செட் நீலச் சட்டை

மகளின் பள்ளிக்கூடக் கபடி ஜெர்சியைப் பாக்கெட்டிலிருந்து பிரித்ததும், முதுகில் ஒட்டியிருந்த எண்ணின் ரப்பர் வாசனை என்னைக் கீரனூரில் கண்மாய்க்கரையை ஒட்டியிருந்த மைதானத்துக்குக் கொண்டுபோனது. அங்கே பையன்களுக்கும் பெண்களுக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு செட் நீலச் சட்டைதான் இருந்தது. பையன்கள் ஆடிவிட்டுக் கழற்றிப் போட்டதை, வியர்வையும் செம்மண்ணும் சேர்ந்த ஈரத்தோடு அப்படியே எடுத்துப் பிழிந்து உதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் அக்கா மாட்டிக்கொள்வாள். அதன்பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை.

திருச்சி அணியோடு ஆட்டம் இருந்த அன்று, சட்டையைப் போட்டுக் கிளம்பி நின்றவளிடம் அப்பா சொன்னார்: “அதக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள வா. ஒன்னயப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க.” கூப்பிட வந்த தோழியிடம் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். மைதானத்து விசிலும் கூச்சலும் வீடுவரை கேட்டுக்கொண்டே இருந்தன. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

இப்போது அந்த மைதானத்தில் மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். போன மாதம் பஸ்ஸில் அந்த இடத்தைக் கடந்தபோது அக்கா மெதுவாகக் கேட்டாள்: “நான் ஆடிருந்தா ஜெயிச்சிருப்போமாடி?”

“தெரியலக்கா” என்றேன். ஜெயித்திருப்போம் என்று எனக்குத் தெரியும்.