யார் வீட்டு வார்த்தை

என் மகள் அந்த வார்த்தையை முதலில் சொன்னபோது அது கன்னடம் என்று நினைத்துக்கொண்டேன். ஒசூரில் எங்களைப் போல அபார்ட்மெண்டில் குடியிருப்பவர்களுக்கு அப்படி நினைப்பது பழக்கம். மாடிக்கு ஒரு மொழி. புரியாத சொல் காதில் விழுந்தால், பக்கத்து வீட்டுச் சொல்லாக இருக்கும் என்று விட்டுவிடுவோம். கேட்கக் கூச்சம்.

அவளுக்கு அப்போது நான்கு வயது நிரம்பவில்லை. குளிப்பாட்டுவதற்காக வாளியில் வெந்நீரைக் கலக்கிவிட்டுக் கையை எடுத்திருந்தேன். தண்ணீர் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதையே உற்றுப் பார்த்து, "ரூவ்" என்றாள்.

"சரி, கம்" என்று இழுத்து உட்காரவைத்தேன்.

வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசச் சொல்லி பிளேஸ்கூலில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாளில் பெரிய பள்ளியில் எல்.கே.ஜி.க்குக் குழந்தையைக் கூப்பிட்டுப் பேச வைத்துப் பார்ப்பார்கள். சொன்னதைச் செய்கிறவள் நான். பர்கூரில் தங்கி இன்ஜினியரிங் படித்திருந்தும், பெற்ற பிள்ளையிடம் இங்கிலீஷில் கொஞ்சத் தெரியவில்லை. கம், சிட், ஈட் என்று பேசும்போது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும் என் குரல். ஆனால் கீழே கார் பார்க்கிங்கில் சேர்ந்து விளையாடும் பிள்ளைகளுக்கு அதுதான் பொது மொழி. அவர்களிடம் அது தடையில்லாமல் ஓடியது.

வார்த்தையும் ஓடியது. குதித்து இறங்கிய பிறகும் ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சலைக் காட்டி, "ஸ்விங் இஸ் ரூவிங்" என்றாள். ஊஞ்சல் நின்றதும், "ரூவ்டு" என்று கையைத் தட்டிக்கொண்டாள். அவள் அப்பா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதும், அவர் படுத்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, "அப்பா ரூவிங்" என்பாள். தொட்டுப் பார்த்தேன். விரிப்பில் இன்னும் சூடு இருந்தது.

இரண்டாம் மாடியில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. தனியாக இருந்த பெரியவர் ஒருவர் அங்கே இறந்துபோயிருந்தார். அந்தக் கதவைத் தாண்டும்போது பிள்ளைகள் எல்லோருமே சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போவதை ஒரு நாள் கவனித்தேன். என் மகள் உதட்டில் விரலை வைத்தாள்.

"உள்ள யாரும் இல்லடா கண்ணு" என்றேன்.

"ரூவர்" என்றாள் மெதுவாக.

"ரூவர்னா யாரு?"

மழை என்றால் என்ன என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அன்று அகராதியில் தேடினேன். போனிலும் தேடினேன். எங்கும் இல்லை. கல்லூரி வரைக்கும் இங்கிலீஷில் படித்த எனக்கு ஒரு வினையை இறந்தகாலத்தில் சொல்ல ஒரு நொடி யோசிக்க வேண்டும். இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இல்லாத ஒரு சொல்லுக்கு வால் எங்கே ஒட்டும், ஆள் எப்படி முளைப்பான் என்று எல்லாம் சரியாகத் தெரிந்திருந்தது. வெறும் உளறலாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக வளருமா?

மறுநாள் கூச்சத்தை விட்டு, மேல்மாடிக் கன்னடக்காரம்மாவிடம் கேட்டேன்.

"நம்ம பாஷையா? இல்லப்பா! என் மகனும் சொல்லிட்டே இருக்கான். கீழ் வீட்டு தெலுங்குன்னு நெனச்சு விட்டுட்டேன்."

கீழ் வீட்டம்மா புளி கரைத்துக்கொண்டே சிரித்தார். "மாதி காதம்மா, எங்களுது இல்ல! பாய் வீட்டுப் பிள்ளைங்க கொண்டாந்தது. உருது கிருதுவா இருக்கும்."

மூன்றாம் மாடியில் இருந்த அந்த பாய் வீட்டு அக்கா கதவைப் பாதி திறந்தபடி தலையில் அடித்துக்கொண்டார். அவர் கணவருக்கு பாகலூர் ரோட்டில் ஹார்டுவேர் கடை. "உருதா? எங்க அத்தாவுக்கே உருது வராது. நாங்க சுத்தத் தமிழ். எதுவும் புரியலன்னா உடனே எங்க தலையில கட்டிடுவீங்களே! இங்கிலீஷ்லயே பேசி வளக்கறது நீதான? உன் வீட்டு இங்கிலீஷ்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

நானும் சிரித்தேன். படியிறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது என்று நம்பிய அந்த வார்த்தை யார் வீட்டிலும் இல்லை. இத்தனை நாளும் அது நடுவில், படிக்கட்டில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். "பசங்கன்னா அப்படித்தான் ஏதாவது உண்டாக்கும், விடும்மா" என்றார். சாப்பிட்டுக்கொண்டே கம்பெனிக் கதைக்குப் போனார். லைனை நிறுத்திய பிறகும் ரோலர் சுற்றிக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் நின்ற ஒடிசாக்காரர் கையை நீட்டிவிட்டாராம். "ரூவிங், ரூவிங்னு கத்தினேன். சட்டுனு இழுத்துக்கிட்டான். இல்லைன்னா விரல் போயிருக்கும்."

"என்னன்னு கத்துனீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. அந்த ஒடிசாக்காரர் எங்கள் வீட்டுப் பக்கமே வந்தவரில்லை.

அதன் பிறகு ஒரு மாலை அடுப்படியில் நின்றிருந்தேன். பள்ளியைப் பற்றியும், இவளிடம் ஏதாவது கோளாறு இருக்குமோ என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன். என் முந்தானை இழுபட்டது. "அம்மா, யூ ரூவிங்" என்றாள் மகள்.

குனிந்து பார்த்தேன். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. பால் ஆறிப்போயிருந்தது. என் கை மட்டும் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தது.

பயத்தில் அதட்டிவிட்டேன். "அந்த வார்த்தைய இனிமே சொல்லக் கூடாது. அது இங்கிலீஷே இல்ல. நோ!"

அவள் அழவில்லை. அடம்பிடிக்கவும் இல்லை. அதன் பிறகு அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு மற்ற வார்த்தைகளும் ஒவ்வொன்றாக நின்றன. வாட்டர் போயிற்று, தமிழில் தண்ணியும் போயிற்று. வேண்டியதைக் கையால் காட்டினாள். பிளேஸ்கூல் மிஸ் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிராப்ளமா மேடம்? வாயே திறக்கறதில்லையே" என்றார். டாக்டர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, பொறுங்கள் என்றார். பெரிய பள்ளியை நான் மறந்தே போனேன். அம்மா என்று ஒரு தரம் கூப்பிட மாட்டாளா என்று அவள் பின்னாலேயே திரிந்தேன். கார் பார்க்கிங்கில் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று விளையாடினார்கள். அவள் பேசாததை அவர்கள் யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. தலைக்கு மேல் மின்விசிறி வேகம் குறைந்து, குறைந்து, நிற்காமல் சுற்றியது. இருவரும் தரையில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். உள்ளே ஏதோ முட்டிக்கொண்டிருப்பது கன்னத்தில் தெரிந்தது. அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் ஒன்றை மனதுக்குள் தேடினேன். இங்கிலீஷிலும் தேடினேன். எதுவும் பொருந்தவில்லை. ஆனால் அது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

"ஃபேன் இஸ் ரூவிங்" என்றேன்.

வாயில் அது புதிதாகவே இல்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கன்னம் தளர்ந்தது. "கொஞ்சந்தான்" என்றாள். "இப்ப நின்னுடும்."

கரகரத்த குரல். அவளை அள்ளிக்கொள்ளாமல், எழுந்தால் எல்லாம் கலைந்துவிடும்போல, படுத்தபடியே கேட்டேன். "அன்னைக்கு அம்மாவச் சொன்னியே, ஏன்டா?"

"நீ போயிட்ட."

"எங்க போனேன்? இங்கதானே இருந்தேன்?"

"நீ போயிட்ட. ரூவ் அம்மா இருந்தா. தெனமும் அவதான் சாதம் ஊட்டுவா."

"அந்த அம்மா எப்படி இருப்பா?"

அவள் யோசித்தாள். "உன்னாட்டமேதான். பேச மாட்டா. கம், ஈட் மட்டும் சொல்லுவா."

மின்விசிறி நின்றது. அவள் என் பக்கம் நகர்ந்து, தன் பொம்மைக்குக் காய்ச்சல் என்று ஆரம்பித்து, தமிழும் இங்கிலீஷுமாக ஏதேதோ சொல்லத் தொடங்கினாள். கரண்ட் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

அன்று முதல் சாதம் ஊட்டும்போது வாய் மூடாமல் பேசுகிறேன், எனக்கு வருகிற மொழியில். காக்கா, லாரி, பக்கத்து வீட்டுக் குழம்பு என்று என்ன தோன்றுகிறதோ அதை. சில நேரம் பாதிப் பேச்சில் ஒரு சந்தேகம் வரும். கையில் உருண்டையோடு நிறுத்தி, அவள் கண்ணைப் பார்ப்பேன். அவள் நிதானமாக மென்றுகொண்டே என்னை ஆராய்வாள். பிறகு வாயைத் திறந்தால், சரி, நான்தான். சில நாள் திறக்க நேரமாகும்.